அசையும் சொல்லுறுப்பும் ஒன்றல்ல: ஆங்கில நெடுஞ்சொற்களைப் பகுக்கும் நம் ஆய்வுமுறை குறித்து ஒரு மறுப்புரை

முன்னுரை

தமிழையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு எழுதப்பெறும் கட்டுரைகள் நம் கருத்தரங்குகளிலும் ஆய்விதழ்களிலும் பெருகி வருகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயின், அக்கட்டுரைகளுள் பலவற்றில் ஒரே பிழை மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. நீண்டதோர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வர். அகராதியில் தலைச்சொல்லின் இடையே இடப்பட்டிருக்கும் புள்ளிகளைப் பின்பற்றி அதனைத் துண்டுகளாக்குவர். அத்துண்டுகளை 'அசை' என்பர். அடுத்த பத்தியிலேயே அவற்றைப் பகுதி, இடைநிலை, விகுதி ஆகியவற்றோடு ஒப்பிடுவர். ஒப்புமை கிட்டாது. உடனே, "ஆங்கிலச் சொற்களுக்கு அமைப்பொழுங்கு இல்லை, அஃது எழுத்துகளின் குவியல், ஒழுங்கு தமிழுக்கே உரியது" என்று முடிப்பர். அவையும் கைதட்டும்.

இம்முடிவு நமக்கு இனிக்கலாம், உண்மையன்று. தமிழின் சிறப்பை நிறுவப் பிறிதொரு மொழியின் இலக்கணத்தைத் திரித்துக் கூறவேண்டிய வறுமை தமிழுக்கு இல்லை. அவ்வாறு கூறுவதால் ஆங்கிலத்திற்கு யாதொரு குறைவும் நேராது. நம் ஆய்வின் நம்பகத்தன்மையே குறையும். மேலும், இப்பிழை ஆங்கில அறிவின் குறைவால் நேர்வதன்று. தமிழ் யாப்பையும் பதவியலையும் மறந்ததால் நேர்வது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

நான்கு அளவைகள்

முதலில் நம் சொல்லொன்றையே அளந்து பார்ப்போம். 'வருகின்றனன்' என்னும் வினைமுற்றில் எழுத்துகள் 7 (வ, ரு, கி, ன், ற, ன, ன்). உயிரை மையமாகக் கொண்டு ஒரு மூச்சில் ஒலிக்கும் கூறுகள் 5 (வ-ரு-கின்-ற-னன்). யாப்பு நோக்கில் அலகிட்டால் அசைகள் 3 (வரு-கின்-றனன்; அஃதாவது நிரை, நேர், நிரை). பதவியல் நோக்கில் உறுப்புகள் 4 (வரு, கின்று, அன், அன்). ஒரே சொல்லுக்கு 7, 5, 3, 4 என நான்கு எண்கள் கிடைக்கின்றன. எந்த இரண்டும் ஒத்துவரவில்லை. எல்லைகளும் ஒத்துவரவில்லை, 'வரு' என்பதன்பின் வரும் எல்லை ஒன்றே பொதுவாக நிற்கிறது.

இதனால் வருகின்றனன் என்னும் சொல் ஒழுங்கற்றது என்று எவரேனும் கூறுவரோ? கூறார். எழுத்ததிகாரம் ஒன்றை அளக்கிறது. செய்யுளியல் மற்றொன்றை அளக்கிறது. பதவியல் வேறொன்றை அளக்கிறது என்பதை நாம் அறிவோம். தமிழ்ச்சொல்லுக்கு வழங்கும் இந்நேர்மையை ஆங்கிலச் சொல்லுக்கும் வழங்குவதே ஆய்வறம்.

இனி, 'அசை' என்ற சொல்லாட்சியைக் காண்போம். ஒரு மூச்சில் ஒலிக்கும் கூற்றை மொழியியல் நூல்கள் பலவும் 'அசை' என்றே குறிக்கின்றன. குழப்பத்தின் வேர் இங்கேதான் உள்ளது. நிரையசையாகிய 'பலா' என்பதில் அத்தகைய ஒலிக்கூறுகள் இரண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் நேர், நிரை என்பவற்றோடு நேர்பு, நிரைபு என்பவற்றையும் கொள்கிறது. நிரைபசையாகிய 'வரகு' என்பதில் ஒலிக்கூறுகள் மூன்று. எனவே தமிழ் யாப்பின் அசையும் மொழியியலார் கூறும் ஒலிக்கூறும் ஒன்றாகா. இக்கட்டுரையில் முன்னதை 'யாப்பசை' என்றும், பின்னதை 'ஒலியசை' என்றும், பொருள்தரும் சொற்கூற்றை 'சொல்லுறுப்பு' என்றும் வழங்குவோம்.

ஆங்கிலச் சொல்லில் ஒலியசையும் சொல்லுறுப்பும்

ஆங்கிலத்தில் இவ்விரு அளவைகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதற்குச் சில சான்றுகள் போதும். வலிமைகள் எனப் பொருள்படும் 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 9 எழுத்துகளால் எழுதுவர். அதன் ஒலியசை 1. சொல்லுறுப்புகளோ 3: உயிர் திரிந்த 'ஸ்ட்ராங்' என்னும் பகுதி, பண்புப்பெயர் ஆக்கும் விகுதி, பன்மை விகுதி. மாறாக, 'ஏரியா' என்ற சொல் 4 எழுத்துகளே உடையது, ஒலியசைகள் 3, சொல்லுறுப்பு 1. எழுத்து மிகுந்தால் ஒலியசை மிகும், ஒலியசை மிகுந்தால் சொல்லுறுப்பு மிகும் என்று கொள்வதற்கு இடமில்லை.

'ஹெலிகாப்டர்' என்ற சொல் மேலும் தெளிவான சான்று. பிரெஞ்சு மொழியில் 1861இல் ஆக்கப்பெற்ற சொல்லிலிருந்து இஃது ஆங்கிலத்திற்கு வந்தது. சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ', சிறகைக் குறிக்கும் 'ப்டெரான்' என்னும் இரு கிரேக்கக் கூறுகளே இதன் உறுப்புகள். ஆனால் ஆங்கிலேயர் இதனை ஹெ-லி-காப்-டர் என நான்கு ஒலியசைகளாக ஒலிக்கின்றனர். பகர டகர மெய்கள் இணைந்து ஓர் ஒலியசையின் முதலில் நிற்பதை ஆங்கில ஒலியமைப்பு ஏற்பதில்லை. ஆகவே சிறகின் முதல் மெய் பிரிந்து முன்னசையின் இறுதிக்குச் சென்றுவிட்டது. நம் மொழிமுதல் எழுத்து வரையறை போன்றதோர் ஒலிக்கட்டுப்பாடே இங்குச் செயற்படுகிறது. ஒழுங்கு இல்லை என்று கூறும் இடத்தில் இரண்டு ஒழுங்குகள் உள்ளன; ஒன்று மற்றொன்றை மீறிச் செல்கிறது; அவ்வளவே.

அகராதிப் புள்ளிகள் எதைக் காட்டுகின்றன?

நம் கட்டுரையாளர்கள் பெரிதும் நம்பும் அகராதிப் புள்ளிகள் ஒலியசையைக் காட்டுவனவும் அல்ல. சொல்லுறுப்பைக் காட்டுவனவும் அல்ல. அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கு உடைத்துச் சிறுகோடு இடலாம் என்று அச்சுக்கோப்பாளருக்குக் கூறுவனவே அவை. 'பற்றி' எனப் பொருள்படும் 'அபவுட்' என்ற சொல்லில் ஒலியசைகள் 2. எனினும் ஒற்றையெழுத்தை வரியிறுதியில் தனியே விடுதல் அழகன்று என்பதால் அச்சில் அதனைப் பிரிப்பதில்லை. புள்ளி இல்லாமையைக் கண்டு ஒலியசை ஒன்றே என்று எழுதினால் அது பிழையாகும்.

இப்பிரிப்பு மரபுக்கும் ஒரு வரலாறு உண்டு. நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூலில், தமக்கு முன்னிருந்த ஆசிரியர்கள் 'ஹாபிட்' என்ற சொல்லை முதல் உயிரோடு வெட்டி, மெய்யை அடுத்த அசைக்குத் தந்ததைக் கண்டித்தார். அவ்வாறு பிரித்தால் குழந்தை முதலுயிரை நெடிலாகப் படிக்கும். மெய்யோடு சேர்த்து 'ஹாப்-இட்' எனப் பிரித்தாலே குறிலாகப் படிக்கும் என்பது அவர்தம் கருத்து. அமெரிக்க மரபு பெரும்பாலும் ஒலிப்பைப் பின்பற்ற, பிரித்தானிய மரபு நெடுங்காலம் சொற்பிறப்புக்கு முதன்மை தந்தது. அறிவு எனப் பொருள்படும் 'நாலெட்ஜ்' என்ற சொல்லை அமெரிக்கர் லகர மெய்யை முன்னே சேர்த்துப் பிரிப்பர். பிரித்தானிய அச்சகத்தார், 'அறி' எனப் பொருள்படும் வினைப்பகுதி சிதையாதவாறு லகரத்தைப் பின்னே தள்ளிப் பிரிப்பர். சொல் ஒன்று, பிரிப்பு இரண்டு. இவற்றுள் எதனைக் கொண்டு நாம் 'ஆங்கிலச் சொல்லமைப்பு' பற்றி முடிவு கூறப்போகிறோம்?

கணினி வந்தபின் இவ்வேறுபாடு மேலும் வெளிப்படையாயிற்று. ஃபிராங்க்ளின் லியாங் 1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர்ப் பட்ட ஆய்வேடு, ஆங்கிலச் சொற்களைக் கணினி வரியிறுதியில் உடைக்கும் முறையை வகுத்தது. டொனால்டு நூத் உருவாக்கிய 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் அது பயன்பட்டது. ஏறத்தாழ 4,500 எழுத்துக்கோவைகளைக் கொண்டு, அகராதி காட்டும் பிரிப்பிடங்களில் 89 விழுக்காட்டை அம்முறை கண்டறிந்தது. அம்முறைக்குச் சொல்லின் பொருளும் தெரியாது. பகுதி விகுதியும் தெரியாது. பொருளறியாத பொறி செய்யக்கூடிய பிரிப்பைச் சொல்லிலக்கணம் என்று நாம் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

ஒலியசையின் எல்லை எது என்பதில் ஆங்கில ஒலியியலாரிடமே கருத்தொற்றுமை இல்லை என்பதும் நோக்கத்தக்கது. இரு உயிர்களுக்கு இடைப்பட்ட மெய் இரு அசைகளுக்கும் உரியதாகலாம் என்று டேனியல் கான் 1976இல் தம் ஆய்வேட்டில் வாதிட்டார். 1990இல் லாங்மன் ஒலிப்பகராதியை வெளியிட்ட ஜான் வெல்ஸ், அழுத்தம் பெற்ற உயிரே அண்டை மெய்களைத் தன்பால் ஈர்க்கும் என்ற கொள்கையின்படி பிரித்துக் காட்டினார். அவர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும் ஒன்றை நாம் முடிந்த முடிபாக எடுத்தாள்வது ஆய்வாகாது.

வகையுளி: நாம் மறந்த விளக்கம்

இவ்விலகலை விளக்கும் சொல் நம்மிடமே உள்ளது. சீரும் தளையும் நோக்கி அலகிடும்போது, சொல்லின் பொருள் எல்லையைப் பொருட்படுத்தாது பிரிக்க நேர்வதை யாப்பிலக்கணத்தார் 'வகையுளி' என்றனர். ஓசைப் பிரிப்பு வேறு, பொருட் பிரிப்பு வேறு; இரண்டும் முரணும் இடங்கள் உண்டு; அம்முரண் மொழியின் குறையன்று என்ற தெளிவு அச்சொல்லில் அடங்கியுள்ளது. அலகிட்டு வாய்பாடு கூறும் மாணவர் எவரும் வகையுளியாய் நின்ற துண்டைப் பகுபத உறுப்பு என்று எழுதுவதில்லை. எழுதினால் நாமே மதிப்பெண் வழங்கோம்.

உயிரியலைக் குறிக்கும் 'பயாலஜி' என்ற சொல்லை அமெரிக்க அகராதி நான்காகப் பிரிக்கிறது: முதலில் 'பை', அடுத்து 'ஆல்', பின்னர்த் தனித்த ஓர் உயிர், இறுதியில் 'ஜி'. உயிரைக் குறிக்கும் 'பயோ' என்ற கூறும், இயலைக் குறிக்கும் 'லஜி' என்ற கூறும் அதில் சிதைந்து போகின்றன. மக்களாட்சியைக் குறிக்கும் 'டெமாக்ரஸி' என்ற சொல்லிலும் மக்கள் எனப் பொருள்படும் 'டெமோ', ஆட்சி எனப் பொருள்படும் 'கிரஸி' ஆகிய இரண்டும் ஒலியசைப் பிரிப்பில் உடைகின்றன. இவை ஆங்கிலத்தின் வகையுளிகள். இதனைக் கண்டு, 'பொருளற்ற துண்டுகளால் ஆன மொழி' என்று எழுதுபவர், வெண்பாவை அலகிட்டுப் பார்த்துத் தமிழைப் பழிப்பவரினின்று எவ்வகையில் வேறுபடுகிறார்?

நெடுஞ்சொல்லின் உள்ளொழுங்கு

குவியல் என்று பழிக்கப்பெறும் நெடுஞ்சொற்களுள் முதன்மையானது, 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' என்பது. எழுத்துகள் 28. அரசு சார்ந்த திருச்சபை என்னும் தகுதியைத் திருச்சபையினின்று நீக்குவதை எதிர்க்கும் கொள்கை என்பது இதன் பொருள். அயர்லாந்துத் திருச்சபையின் அத்தகுதி 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பெற்று, அச்சட்டம் 1871இல் நடைமுறைக்கு வந்தது. வேல்சில் 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் அது நிகழ்ந்தது. அவ்வரசியல் பூசலின் பின்னணி உடைய சொல் இது.

இதன் உறுப்புகளை உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டும். 'எஸ்டாப்ளிஷ்' என்பது நிறுவு என்னும் பகுதி. 'மென்ட்' சேர்ந்து பெயராயிற்று. 'டிஸ்' சேர்ந்து அந்நிலையை நீக்குதலாயிற்று. 'ஏரியன்' சேர்ந்து அதனை வேண்டுவோரைக் குறித்தது. 'ஆன்டி' எதிர்ப்பையும், 'இசம்' கொள்கையையும் உணர்த்தின. ஆறு உறுப்புகளுக்கும் தனித்தனிப் பணி உண்டு. ஒலியசைகளை எண்ணினாலோ 12 வரும். இறுதி 'இசம்' என்பது ஒலிப்பில் இரண்டு அசைகள். அச்சிலோ அதனை எவரும் உடைப்பதில்லை. இங்கும் எழுத்து, ஒலியசை, அச்சுப் பிரிப்பு, சொல்லுறுப்பு என நான்கு அளவைகள் நான்கு விடைகளைத் தருகின்றன, வருகின்றனன் என்ற சொல்லில் கண்டதைப் போலவே.

உறுப்புகளின் வரிசையும் கட்டுப்பாடுடையது. தமிழில் இடைநிலைக்குப்பின் சாரியையும் சாரியைக்குப்பின் விகுதியும் வருமாறு போல, ஆங்கிலத்திலும் எவ்விகுதியின்பின் எவ்விகுதி வரும் என்பதற்கு வரம்புண்டு. நம்பிக்கையின்மையைக் குறிக்க 'ஹோப்', 'லெஸ்' என்பவற்றின்பின் 'நெஸ்' வரும். 'இட்டி' என்னும் விகுதி வாராது. விகுதிகள் சொல்லழுத்தத்தையும் ஆள்கின்றன. 'கியூரியஸ்' என்ற சொல்லோடு 'நெஸ்' சேர்ந்தால் அழுத்தம் முதலசையிலேயே நிற்கும். 'இட்டி' சேர்ந்து 'கியூரியாசிட்டி' ஆனால் அழுத்தம் அவ்விகுதிக்கு முன்னசைக்கு நகரும். இத்தகைய ஒழுங்குகளையே 1968இல் நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் ஆங்கில ஒலியமைப்பு பற்றிய தம் பெருநூலில் விதிகளாக்கினர்.

'அன்லாக்கபிள்' என்ற சொல் இன்னும் நுட்பமானது. 'அன்', 'லாக்', 'ஏபிள்' என உறுப்புகள் மூன்று. 'லாக்கபிள்' என்பதை முதலில் ஆக்கிப் பின் 'அன்' சேர்த்தால் 'பூட்ட இயலாதது' என்று பொருள். 'அன்லாக்' என்பதை முதலில் ஆக்கிப் பின் 'ஏபிள்' சேர்த்தால் 'பூட்டைத் திறக்க இயல்வது' என்று பொருள். ஒலியசைகளை எத்தனை முறை எண்ணினும் இவ்வேறுபாடு புலப்படாது.

நாற்பத்தைந்து எழுத்துச் சொல்லும் நன்னூலும்

எரிமலைத் துகளால் வரும் நுரையீரல் நோயைக் குறிப்பதாகக் கூறப்பெறும் 45 எழுத்துச் சொல்லொன்றை நம் கட்டுரைகள் விரும்பி மேற்கோள் காட்டும். 'நியூமனோ' என்று தொடங்கி 'கோனியோசிஸ்' என்று முடியும் அச்சொல், அமெரிக்கப் புதிர் விளையாட்டுக் கழகமொன்றின் தலைவரால் 1935இல், மிக நீண்ட சொல்லாக விளங்கவேண்டும் என்ற நோக்கில் புனையப்பெற்றது. சித்திரகவியைக் காட்டி, 'தமிழர் இவ்வாறே பேசுவர்' என்று பிறர் எழுதினால் நாம் நகைப்போம். புதிர்ச்சொல்லை ஆங்கிலத்தின் இயல்புக்குச் சான்றாக்குவதும் அத்தகையதே.

இதற்கு மாற்றாக நன்னூலை நிறுத்துவர். பகாப்பதம் 7 எழுத்து வரையிலும் பகுபதம் 9 எழுத்து வரையிலும் தொடரும் என்று நன்னூல் பதவியல் வரையறுப்பது உண்மையே. ஆனால் அந்தப் பேரெல்லைகளுக்கு உரைகள் காட்டும் சான்றுகள் யாவை? உத்தரட்டாதி (7), உத்தரட்டாதியான் (9). வடமொழியில் பகுக்கத்தக்க விண்மீன் பெயர் தமிழில் பகாப்பதமாகக் கொள்ளப்பெற்றது. ஒரு மொழியின் சொல்லமைப்பை அம்மொழியின் வழக்கில் நின்றே காணவேண்டும் என்ற சிறந்த நெறி இதில் உள்ளது. 'ஹிப்போபொட்டமஸ்' கிரேக்கத்தில் குதிரையும் ஆறும் சேர்ந்த தொகை; ஆங்கிலேயர்க்கு அது நீர்யானையைக் குறிக்கும் ஒரே பெயர். நன்னூலாரின் நெறியைக் கைக்கொண்டிருந்தால் இவ்விரண்டையும் நாம் ஒருங்கே விளங்கிக்கொண்டிருப்போம். மாறாக, நன்னூலை எழுத்தெண்ணும் கோலாக்கிப் பிறரை அளக்கப் புறப்பட்டோம்.

எதிர்வாதங்கள்

'அசை' என்பது வெறும் கலைச்சொல். அதனால் என்ன தீங்கு எனலாம். கலைச்சொல் ஒன்று ஏற்கெனவே இரண்டாயிரம் ஆண்டுப் பொருள் ஒன்றைத் தாங்கி நிற்கையில், அதன்மேல் மற்றொரு பொருளை ஏற்றுவது வெறும் பெயர்ச் சிக்கலன்று. நேர் நிரை கற்ற மாணவர் அசை என்றதும் மாத்திரையையும் ஒற்றையும் எண்ணுவர். ஆங்கிலத்தில் அதனைத் தேடுவர். கிட்டாமையால் ஆங்கிலத்தைப் பழிப்பர். முன்னர்க் கூறிய பிழை முடிவுகளுக்கு இதுவே தோற்றுவாய்.

ஒலியசைக்கும் சொல்லமைப்புக்கும் தொடர்பே இல்லையா என்று வினவலாம். உண்டு, அதனை மறைக்க வேண்டியதில்லை. ஹெ-லி-காப்-டர் என்ற ஒலிப்பின் வழியே 'காப்டர்' என்ற புதுச்சொல் பிறந்தது. 'ஹெலி' என்ற முற்பாதி தளத்தைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்து 'ஹெலிபேட்' ஆயிற்று. ஹாம்பர்க் என்ற நகரப்பெயர் வழிவந்த 'ஹாம்பர்கர்' தவறாகப் பகுக்கப்பெற்று 'பர்கர்' ஈன்றது. பேசுவோர் ஓசைவழிப் பகுத்த துண்டு, காலப்போக்கில் பொருளேற்று உறுப்பாகிறது. இது மொழிவரலாறு. ஆயின் இரண்டும் வேறானவை என்று கொண்டால்தான் ஒன்று மற்றொன்றாக மாறிய இவ்வரலாற்றைக் கூறவே இயலும்.

கலைச்சொல்லாக்கமும் வகுப்பறையும்

இஃது ஏட்டளவில் நிற்கும் பூசலன்று. 'தொலைக்காட்சி', 'உயிரியல்', 'உளவியல்' போன்ற நற்சொற்கள், மூலச்சொல்லின் உறுப்புகளை உறுப்புகளாகவே கண்டவர்களால் அமைந்தன. 2020இல் உலகையே முடக்கிய கொள்ளைநோயின்போது எண்ணற்ற ஆங்கிலச் சொற்களுக்கு உடனடியாகத் தமிழாக்கம் வேண்டியிருந்தது. 'எண்டமிக்', 'எபிடமிக்', 'பாண்டமிக்' மூன்றிலும் மக்களைக் குறிக்கும் ஒரே கிரேக்கக் கூறு உள்ளது. முன்னொட்டே பொருளை வேறுபடுத்துகிறது. இதனைக் கண்டவர், மூன்றுக்கும் உறவு தோன்றச் சொல் படைக்கலாம். அல்லது 'பெருந்தொற்று' என்பது போல் கருத்து நோக்கிப் படைக்கலாம். காணாதவர்க்கு இத்தெரிவே இல்லை.

பயிற்றலிலும் இவ்வாறே. தமிழ்வழி கற்று வரும் மாணவர் ஆங்கிலச் சொல்லின்மேல் தமிழெழுத்தால் ஒலிப்பெழுதிப் படிப்பதை நாம் அறிவோம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒத்த அழுத்தம் தந்து அவர்கள் படிக்கின்றனர். 'ஃபோட்டகிராஃப்', 'ஃபடாக்ரஃபி', 'ஃபோட்டகிராஃபிக்' என்னும் மூன்றும் அவர்களுக்குத் தொடர்பற்ற மூன்று சொற்களாகத் தோன்றுகின்றன. ஒளியும் வரைவும் என்ற ஈருறுப்பே மூன்றிலும் உள்ளன. எழுத்துக்கூட்டல் அவ்வுறுப்புகளை மாறாது காக்கிறது. விகுதிக்கேற்ப அழுத்தம் நகர்வதால் உயிரொலி மட்டும் திரிகிறது என்று ஒரு வகுப்பில் விளக்கிவிடலாம். பகுபத உறுப்பிலக்கணம் கற்ற தமிழ் மாணவர்க்கு இது மிக எளிது. 'ஆங்கிலத்திற்கு ஒழுங்கில்லை' என்று கற்பிக்கும் ஆசிரியரோ அவ்வாயிலையே அடைத்துவிடுகிறார். நெடுஞ்சொல்லைக் கண்டு அஞ்சும் மாணவர்க்கு அவ்வச்சமே நியாயம் என்று சான்று வழங்கிவிடுகிறார். தமிழ்நாட்டிற்கு வெளியே, பிறமொழித் துறைகளின் அருகிருந்து தமிழ் பயிற்றுவோர்க்கு இதில் பொறுப்பு மிகுதி. பக்கத்து அறையிலுள்ள மொழியியல் துறையினர் படித்து நகைக்கும் கட்டுரையால் தமிழுக்குப் பெருமை சேராது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன வலியுறுத்தப்பெறுகின்றன.

1. யாப்பசையையும் ஒலியசையையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் ஒப்பாய்வுகளில் கைவிடப்பெற வேண்டும்.

2. ஆங்கிலச் சொல்லைப் பகுக்கும் கட்டுரையாளர், தாம் பகுப்பது எழுத்தா, ஒலியசையா, அச்சுப் பிரிப்பா, சொல்லுறுப்பா என்பதை முதற்கண் கூறுதல் வேண்டும். கூறாத கட்டுரையைத் திருப்பி அனுப்ப ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்கள் தயங்குதல் கூடாது.

3. அகராதிப் புள்ளிகளைச் சொல்லமைப்புக்குச் சான்றாகக் காட்டுதல் ஏற்கத்தக்கதன்று.

4. ஓசைப் பிரிப்பும் பொருட் பிரிப்பும் முரணும் இடங்களை விளக்க, வகையுளி என்னும் நம் மரபுக் கருத்தைப் பிறமொழி ஆய்விலும் பயன்கொள்ளலாம்.

தொல்காப்பியமும் நன்னூலும் நமக்குத் தந்தவை பிறரை அளந்து பழிக்கும் கோல்கள் அல்ல. ஒரு சொல்லைப் பல நிலைகளில் நின்று காணும் கண்கள். அக்கண்களால் ஆங்கிலத்தையும் காண்போம். அப்போது அங்குத் தெரிவது குவியலா, கட்டடமா என்பது தானே விளங்கும்.